ரோசம்மா அக்காவும் செல்வியின் இரண்டாவது குழுவும்

நடந்ததை உள்ளபடியே எழுதுகிறேன். என் பிழையையும் மறைக்கப்போவதில்லை. செவ்வாய்க்கிழமை நான் பள்ளி விட்டு வந்ததும், நம் வாசகர் சங்கச் செயலாளர் தொலைபேசியில் அழைத்தார். "ரோசம்மா போயிட்டாம்மா. மூணு நாள் காய்ச்சல்தான்," என்றார்.

சிராங்கூன் சாலையில் சங்கம் இருந்த மாடிக்குக் கணினி வந்தபோது, சங்கத்தின் எழுத்தர் ரோசம்மா அக்காவுக்கு வயது இருபத்து மூன்று. அவருக்கும், அங்கே உதவிக்குப் போன எனக்கும் அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஒரே கையேட்டை மாறி மாறிப் படித்து நிரல் எழுதினோம். உறுப்பினர் எண்ணைத் தட்டினால், அவர் எந்தக் குழுவில் இருக்கிறார் என்று கணினி பார்க்கும். பள்ளித் தேர்வுக்குப் படிக்கும் தேர்வுக் குழுவினருக்கு மட்டுமே பழைய வினாத்தாள்கள். அதையும் அங்கேயே உட்கார்ந்துதான் படியெடுக்க வேண்டும்.

"குழுவைப் பாக்குற இந்தச் சோதனைய ஒரே இடத்துல எழுதுவோம். எங்க வேணுமோ அங்கிருந்து கூப்பிட்டுக்கலாம்," என்றார் அக்கா. நான் அவசரத்தில் வினாத்தாள் நிரலுக்குத் தனியாக ஒன்றை எழுதிவிட்டேன். அது ஒருவருடைய முதல் குழுவை மட்டும் பார்த்தது.

கணிதத் தேர்வுக்கு முந்தைய நாள், சுவா சூ காங்கிலிருந்து இரண்டு பஸ் மாறி செல்வி வந்தாள். நாடகக் குழு, தேர்வுக் குழு இரண்டிலும் இருப்பவள். திரையில் 'அனுமதி இல்லை' என்று வந்தது. ஆறு மணிக்கு மூட இன்னும் இருபது நிமிடம்.

"நான் தேர்வு குரூப்லதான் இருக்கேன், அங்கிள்."

"கம்ப்யூட்டர் இல்லைன்னா இல்லதான்லா," என்றார் செயலாளர். "ஒருத்தருக்குக் குடுத்தா எல்லாரும் வந்து நிப்பாங்க."

செல்வி பையின் வாரைப் பிடித்தபடி நின்றாள். அக்கா நிரலின் வரிகளைத் திரையில் ஓடவிட்டார். என் வரி வந்ததும் நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"நீயே அவகிட்ட சொல்லு."

"தப்பு என்னோடது. உன் ரெண்டாவது குழுவைப் பாக்காம விட்டுட்டேன்," என்றேன்.

"சரி, அத அப்புறம் பேசுவோம். பேப்பர் கிடைக்குமா?" என்றாள் செல்வி.

அக்கா என் வரிகளை அழித்துவிட்டு, பொதுச் சோதனையை அழைக்கும் ஒரு வரியை அடித்தார். ஓட்டினார். பிழைச் செய்தி வந்தது. வரி எண்ணை மாற்றி அடித்திருந்தார்.

"பாத்து அடிம்மா, பெட்டி கோவிச்சுக்கும்," என்றபடி செயலாளர் சாவிக்கொத்தைக் கையில் எடுத்தார். மணி ஐந்து ஐம்பத்தைந்து.

அக்கா எண்ணைத் திருத்தினார். அடுத்த முறை 'அனுமதி' வந்தது.

"அவ எழுதி முடிக்கட்டும், அண்ணே. நேரம் போனது எங்களால," என்றார் அக்கா. செயலாளர் சாவிக்கொத்தை மேசையில் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இதுதான்: ஒருவரிடம் இல்லை என்று சொல்லுமுன் கடைசி வரை பார்க்கிறேன், தவறினால், அவர் முகத்தைப் பார்த்து ஒப்புக்கொள்கிறேன்.

அன்று செல்வி கடைசிக் கணக்கையும் படியெடுத்து முடிக்கும்போது ஆறே முக்கால். நான்கு பேரும் ஒன்றாக வெளியே வந்தோம். வாசலில் நின்று செயலாளர் விளக்குகளை அணைத்தார்.