இரண்டு ஃபண்டும் ஒரு மணி அரிசியும்

போன வாரம் இதே இடத்தில் உங்களுக்கு ஓர் உபதேசம் செய்திருந்தேன். எதை வாங்குவதானாலும் இரண்டு இடத்தில் விசாரியுங்கள் என்று. நினைவிருக்கிறதா? மறந்திருந்தால் ரொம்ப நல்லது... அப்படியே இருங்கள்.

கேரள எல்லையில் இருக்கும் எங்கள் பாறசாலைக்காரர்களுக்கு இது பிறவிக் குணம். ஒரு கிலோ உளுந்து வேண்டுமென்றாலும் நெய்யாற்றின்கரையில் விலை கேட்போம். பிறகு பஸ் ஏறிக் களியக்காவிளையில் கேட்போம். மிச்சம் பிடித்த காசு டிக்கெட்டுக்குச் சரியாகப் போய்விடும். ஆனாலும் ஒரு திருப்தி!

என் மனைவி லீலா தையல் மெஷினை மிதித்து, ஐந்து வருடம் சீட்டுக் கட்டிய பணம் கைக்கு வந்திருந்தது. இரண்டு வருடம் கழித்து மகளின் நர்சிங் படிப்புக்கு அதுதான் ஃபீஸ். வேறு வழி கிடையாது. அதைப் பெருக்கித் தருகிறேன் என்று ஏற்றுக்கொண்டது யார்? பத்திரிகையில் பத்தி எழுதும் இந்த மேதைதான்.

ஷேர் மார்க்கெட்டில் விற்கவும் வாங்கவும் முடிகிற ஃபண்டுகள் இரண்டு என் கண்ணில் பட்டன. நெய்யாற்றின்கரை ஏஜென்ட் ஒன்றைக் காட்டினார்.

"சாரே, கண்ணடச்சு வாங்கலாம். எப்ப வேணுமெங்கிலும் விக்கலாம்."

களியக்காவிளை ஏஜென்ட் இன்னொன்றைக் காட்டினார்.

"அண்ணாச்சி, அது யூனிட்டு பதினோரு ரூவாயாக்கும். நம்ம ஃபண்டு எட்டரைதான் உண்டு."

பதினைந்து நாள் இரண்டு பேரிடமும் மாறி மாறி அலைந்தேன். நோட்டின் நடுவே கோடு கிழித்தேன். விலை, டிவிடெண்ட், நிர்வாகச் செலவு... கோடு மட்டும் நேராக விழுந்தது. மற்றது ஒன்றும் விளங்கவில்லை.

கடைசியில் ஞானம் பிறந்தது. பாதி இதில், பாதி அதில்! ஒன்று விழுந்தால் மற்றது தாங்குமே? இரண்டு ஏஜென்டுகளும் தந்த புத்தகங்களோடு லீலா முன்னால் போய் நின்றேன்.

அவள் பட்டன் தைப்பதை நிறுத்தவில்லை.

"அரிசி வாங்கப் போனா என்ன செய்விய?"

"விலை கேப்பேன்."

"வெல கேட்டா போருமா? ஒரு மணி எடுத்து வாயில போட்டுக் கடிச்சுப் பாக்க மாட்டியளா? இதுக்க உள்ள என்ன இருக்குன்னு பாத்தியளா?"

பார்க்கவில்லை. கடைக்குக் கடை விலை கேட்டேனே தவிர, சாக்கின் வாயைத் திறக்கவே இல்லை.

எந்தெந்தக் கம்பெனி ஷேர்களில் பணம் போட்டிருக்கிறார்கள் என்பது இரண்டு புத்தகத்திலும் கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில் இருந்தது. லீலா துணியில் அடையாளம் போடும் சாக்பீஸை எடுத்தாள். இரண்டிலும் இருக்கிற பெயர்களுக்குக் கோடு போட்டுக்கொண்டே வந்தாள். முதல் பத்துப் பெயரில் எட்டுக்குக் கோடு விழுந்தது.

"ரெண்டு கடையிலயும் ஒரே மில்லு அரிசியாக்கும்! புழுத்தா ரெண்டும் சேந்துல்லா புழுக்கும்? பிள்ளைக்க ஃபீஸுக்கு அப்ப எங்க போவோம்?"

எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, பயமாக இருந்தது. அந்தத் தையல் மெஷினைப் பார்க்கவே கூச்சமாகிவிட்டது.

மறுநாளே பணத்தைக் கொண்டுபோய்த் தபாலாபீசில் போட்டுவிட்டாள். வட்டி குறைவு என்று சொல்ல வாயெடுத்தேன்... பிறகு பாஸ்புக்கை வாங்கிப் பத்திரமாக உள்ளே வைத்தேன்.

இன்று காலை, வீட்டில் நிஜமாகவே அரிசி தீர்ந்துவிட்டது. பையை எடுத்தேன்.

"ரெண்டு கடையிலயும் கேட்டுட்டு வாறேன்" என்றேன், பழக்க தோஷத்தில்.

"கேக்காண்டாம்... கடிச்சுப் பாத்துட்டு வாருங்க!"