தொட்டில் கொக்கியில் ஓர் ஊசல்

தாராவியில் எங்கள் வீட்டுக் குழாய், தண்ணீர் வருவதற்கு முன் காற்றைத்தான் கக்கும். பாம்பு சீறுகிற மாதிரி அந்தச் சத்தம் கேட்டதும் நான் கூரையிலிருந்து தொங்கும் அரைக்கிலோ எடைக்கல்லைக் கையிலிருந்து விடுவேன், ஒரு மணி நேரம் கழித்துத் தண்ணீர் நிற்கும்வரை அது ஆடுகிறதா என்று பார்ப்பேன். அப்போது எட்டாம் வகுப்பு. ஒரு மணி நேரம் நிற்காமல் ஆடுகிற ஊசல் செய்தால் அறிவியல் கண்காட்சியில் இடம் என்று பள்ளியில் சொல்லியிருந்தார்கள்.

எங்கள் ஒற்றை அறையின் கூரையில் இருந்தது ஒரே கொக்கி, நான் கிடந்த தொட்டிலின் கொக்கி. தூண்டில் நரம்பை அதில் நேரே கட்டினால் உரசி உரசிப் பத்து நிமிடத்தில் கல் சோர்ந்துவிடும். ஆகவே கொக்கியில் ஓர் இரும்புப் பட்டையைக் கிடையாக, அசையாமல் இறுக்கி, அதன் முனையருகே ஆணியால் சின்னக் குழி தட்டி, பட்டையைச் சுற்றிவரும் ஒரு கம்பி வளையத்தின் உச்சியில் தையல் மெஷின் ஊசியைக் கீழ்நோக்கிக் கட்டி, ஊசிமுனை மட்டும் அந்தக் குழியில் நிற்கும்படி மாட்டி, வளையத்தின் அடியில் தூண்டில் நரம்பில் கல்லைத் தொங்கவிட்டேன். ஊசி தந்தது மதினி, அண்ணன் மனைவி. வீட்டிலிருந்தபடியே ஜீன்ஸுக்கு ஜிப் தைப்பவள், அப்போது ஐந்து மாதம்.

அம்மா தினமும் கத்துவாள். "ஏட்டி, பிள்ளை இல்லாத கொக்கில எதையும் ஆட்டுனா வவுத்துல உள்ளதுக்கு ஆவாதுன்னு எத்தன தடவ சொல்லுதேன்? கழத்துட்டி மூதி!"

"இது தொட்டில் இல்லம்மா, ஊசல்."

"என்ன எளவாவும் இருக்கட்டும். கழத்து."

மதினிதான் தடுப்பாள். "ஆடட்டும் அத்த. எண்ணிக்கிட்டே படுத்திருந்தா எனக்கு முதுகுவலி தெரியலல்லா."

தண்ணீர் நின்ற பிறகும் கல் ஆடிக்கொண்டிருந்த நாளில் நான் தெருவெல்லாம் கேட்கக் கூச்சல் போட்டேன். மூன்றாம் நாள் மதினியை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பிள்ளை தங்கவில்லை.

வார்டில், பார்க்க வந்த சொந்தக்காரர்கள் முன்னால் அம்மா என்னை நோக்கிக் கையை நீட்டினாள். "இவதான். ஆட்டி ஆட்டியே கொன்னுட்டா."

அண்ணன் கையிலிருந்த டிஸ்சார்ஜ் தாளைப் பிடுங்கி, இங்கிலீஷில் எழுதியிருந்ததை உரக்கத் தமிழில் சொன்னேன்: காரணம் தெரியவில்லை.

"டாக்டருக்குத் தெரியல. எனக்குத் தெரியும்லா" என்றாள் அம்மா.

இரண்டடி தள்ளிக் கட்டிலில் கிடந்த மதினி எல்லாவற்றையும் கேட்டாள், கண்ணை மூடிக்கொண்டாள். அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். வீட்டுக்கு வந்ததும் அம்மா நரம்பைக் கத்தியால் அறுத்தாள். கல் விழுந்து தரை ஓடு பிளந்தது. கண்காட்சிக்கு நான் போகவில்லை. அம்மாவை அன்றே வெறுத்துத் தீர்த்துவிட்டேன், மதினியை வெறுக்கத்தான் வருடக்கணக்காக ஆனது.

அந்த வீட்டை இடித்து, அந்த இடத்தில் இப்போது தகரவேலி போட்டிருக்கிறார்கள். அண்ணன் நவி மும்பை வாஷியில் ஏழாவது மாடியில் இருக்கிறான். நாலு வயதில் ஒரு மகன். போன மாதம் அங்கே போனவள், இயற்பியலில் பட்டம் வாங்கிய திமிரோடு, கேட்டே விட்டேன்: "அன்னைக்கு ஏன் மதினி வாயத் தெறக்கல?"

அவள் துணி மடிப்பதை நிறுத்தவில்லை. "அந்தத் தாள எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டுனியே. என் பக்கம் திரும்பி, எப்படி மதினி இருக்கன்னு ஒரு வார்த்த கேட்டியா?"

செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். லிஃப்ட்டுக்குக்கூட நிற்கவில்லை. அவள் முகத்தில் எறிய ஒரு பதில் தேடிக்கொண்டே ஏழு மாடியும் இறங்கினேன்.