வாகியெம் துணி பிழிவதில்லை

சோலோ நகரத்து லாவேயன் தெருக்களில் மெழுகால் கோலமிட்டுச் சாயமேற்றிய நல்ல பாத்திக் துணி வைத்திருக்கும் வீடுகளுக்கெல்லாம் வாகியெமைத் தெரியும். நம்பிக் கொடுப்பார்கள். கொடுக்கும்போதே, அவசரமில்லை என்று ஒரு வார்த்தையும் சேர்த்துச் சொல்வார்கள். அவள் துவைத்த துணி காய மூன்று நாளாகும். அவள் எதையும் பிழிவதில்லை.

பாத்திக்கைப் பிழியக் கூடாது என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான். பூந்திக்கொட்டையை ஊறவைத்துக் கசக்கி, அந்த நுரையில் முக்கி முக்கி எடுத்து நிழலில் போட வேண்டும். சோப்புத் தூள் பட்டால் பழுப்புச் சாயம் செத்துவிடும். பட்டுத்துணியை முறுக்கினால் இழை நலுங்கும். வெல்வெட் சட்டையைத் திருப்பிப் போட்டு ஈரத்துணியால் ஒற்றினால் போதும். இதெல்லாம் சரி. வாகியெம் துவாலையையும் பிழிய மாட்டாள். ஜீன்ஸைச் சொட்டச் சொட்டத் தூக்கிப் போடுவாள். மூங்கில் கொடி வில்லாக வளையும்.

வீட்டுக் கிணற்றடியில் கூடவே துவைக்கும் பார்தினாவுக்கு வாய் சும்மா இருக்காது. அந்தப் பக்கத்தில் அக்காவை ம்பாக் என்பார்கள்.

"ம்பாக், இந்த ஜீன்ஸு காயறதுக்குள்ள அதப் போடுற பையனுக்குக் கல்யாணமாகி தொப்பையே விழுந்துடும். சரி, இந்தப் படுக்கை விரிப்புக்காவது ஒரு முனையப் புடியேன். இத்தனை நீளத்த ஒத்த ஆளு எப்படிப் பிழியறது?"

வாகியெம் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுவாள். பார்தினா அந்தத் தெருவுக்கு வந்து நாலு வருஷம்தான் ஆகிறது. அவளுக்கு லாரஸைத் தெரியாது.

மகள் லாரஸ் இருந்திருந்தால் இப்போது பத்து வயது. இருந்த இரண்டு வருஷமும் அவள் கால் தரையில் பட்ட நேரம் குறைவு. நீளமான பழைய பாத்திக் ஒன்றில் பிள்ளையைச் சுற்றி, வலது தோளில் முடிச்சுப் போட்டு, இடது இடுப்பில் வைத்துக்கொண்டேதான் வாகியெம் துவைத்தாள், சமைத்தாள், சந்தைக்குப் போனாள். இன்றும் கையில் ஒன்றுமில்லாதபோதும் வலப்பக்கம் சாய்ந்தே நடக்கிறாள். அந்தியில் பாங்கு கேட்கும்போது இடுப்பில் பாரம் ஏறும். கையைக் கொண்டுபோய் அந்த வெறும் இடத்தைத் தாங்கிக்கொள்வாள். பாங்கு முடியும்வரை அப்படியே நிற்பாள்.

பிள்ளைத் துணியை முறுக்கிப் பிழிந்தால் பிள்ளையின் உடம்பும் முறுக்கும் என்பது அந்த ஊரில் பேச்சு. படித்தவர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். ஆனாலும் பிழிய மாட்டார்கள். எட்டு வருஷத்துக்கு முன் விடாமழை. லாரஸ் அந்தத் துணியில் வாந்தியெடுத்திருந்தாள். மாற்றுத் துணி எல்லாம் ஈரம். எப்படியாவது காய வேண்டும் என்ற அவசரத்தில் அதைப் பிழிந்தாகிவிட்டது. மூன்றாம் நாள் காய்ச்சல். நாலாம் நாள் வலிப்பு. அந்தத் துணிக்குள்ளேயே சின்ன உடம்பு முறுக்கிக்கொண்டதை வாகியெம் பார்த்தாள். மூளைக்காய்ச்சல் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அந்தக் காகிதம் பத்திரமாக இருக்கிறது. காகிதம் டாக்டருடையது. கை அவளுடையது.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. புருஷன் சார்மின், சைக்கிள் ரிக்‌ஷாக்காரன், அவனும் எதுவும் கேட்கவில்லை. துணியை மட்டும் துவைக்காமல் தகரப் பெட்டியில் வைத்தாள். எப்போதாவது மூடியை ஒரு விரற்கடை தூக்குவாள். பிள்ளைத் தைலமும் புளித்த பாலும் கலந்த வாசனை வரும். மூடிவிடுவாள்.

இந்த மழைக்காலத்தில் மூடியைத் தூக்கியபோது வேறு நெடி வந்தது. துணியை விரித்தாள். மிளகைப் பொடித்துத் தூவியதுபோல் கறுப்புப் புள்ளிகள். பாலும் வேர்வையும் ஏறிய பருத்தியைப் பூஞ்சை விடாது. வேறு யாராவது இப்படி ஒரு துணியைக் கொண்டுவந்திருந்தால் திட்டியிருப்பாள். இன்னொரு மழைக்கு இது தாங்காது. துவைத்தால் வாசனை போகும். துவைக்காவிட்டால் துணியே போகும். இரண்டு நாள் பெட்டியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

மூன்றாம் நாள், பார்தினா வீட்டுக்குக் கிளம்பியபின், பூந்திக்கொட்டை நுரையில் துணியை இறக்கினாள். நனைந்ததும் வாசனை குப்பென்று எழும்பியது, பிள்ளையைக் குளிப்பாட்டி முடித்த நேரம்போல. அவள் தண்ணீருக்கு மேல் குனிந்தபடியே இருந்தாள். கொஞ்ச நேரத்தில் பூந்திக்கொட்டை வாசனைதான் மிச்சம்.

அலசித் தூக்கும்போது துணி கனத்தது. ஒரு முனை தரையில் புரளப் போயிற்று. ரிக்‌ஷாவை நிறுத்திவிட்டு வந்த சார்மின் குனிந்து அந்த முனையை எடுத்தான்.

"முறுக்கிடாத," என்றாள்.

"மாட்டேன்."

இருவருக்கும் நடுவில் துணி சொட்டிக்கொண்டிருந்தது.

"நீ பிழியறத விட்ட நாள்லேருந்து நானும் ஈரத்துணியக் கையால தொட்டதில்ல. நீ கவனிக்கலையா?"

அவள் கவனிக்கவில்லை. மழையில் நனைந்து வந்தால் சட்டையைப் போட்டபடியே அடுப்பருகில் உட்கார்ந்து உலர்த்திக்கொள்வான். சோம்பேறி என்று நினைத்திருந்தாள்.

"அன்னிக்கும் இந்த முனை என் கையிலதான இருந்துச்சு, கியெம்."

எட்டு வருஷமாக அவள் கண்ணில் நின்றவை இரண்டே கைகள். இப்போது துணியின் அந்தக் கோடியில் இன்னும் இரண்டு கைகள் தெரிந்தன, அவளுக்கு எதிர்ப்பக்கமாக முறுக்கிக்கொண்டு. அவை பெரிய கைகள். அவற்றில்தான் பலம் அதிகம்.

உன் தப்பு ஒன்றுமில்லை என்று சொல்ல நினைத்தாள். தனக்கு ஒருநாளும் சொல்லிக்கொள்ள முடியாததை அவனுக்குச் சொல்ல வாய் வரவில்லை.

ஈரத்துணியை ஆளுக்கொரு பக்கம் இழுத்து நேராக்கிக் காயப்போடுவதுதான் தொழில் முறை. அவள் இழுக்கவில்லை. அவனும் இழுக்கவில்லை. பிள்ளை உட்கார்ந்து உட்கார்ந்து நடுவில் பை போலத் தொய்ந்திருந்த இடத்தில் தண்ணீர் தேங்கி, மெல்லக் கசிந்தது.

பாங்கு கேட்டது. அந்தியில் பிள்ளைத் துணியை வெளியே விடக் கூடாது. வேறு ஏதாவது வந்து அதில் படுத்துக்கொள்ளும் என்பார்கள். வாகியெம் முனையை விடாமல் பின்னோக்கி வீட்டுக்குள் நடந்தாள். சார்மின் தன் முனையோடு வந்தான். வாசல் நிலை தாழ்வு, குறுகலும்கூட. துணியின் தொய்ந்த நடுப்பகுதி நிலைப்படிக்கு நேராக வந்தது.

"மெதுவா," என்றாள் அவள். "இடிச்சிடப் போற."

அவன் நின்று, முனையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, அப்புறம் காலெடுத்து வைத்தான்.