தாமிரபரணிக்கு எத்தனை ஹெச்?

நாலு பேர் முன்னால் வாய் திறக்க வராத எனக்கு ஒரு காலத்தில் வலைப்பூ இருந்தது. பத்தாம் வகுப்போடு நின்றவள் நான். முக்கூடலில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் அண்ணாச்சிதான் அதைத் திறந்து கொடுத்தார். பெயர் போடாமல், பார்த்ததையெல்லாம் எழுதினேன். பெரும்பாலும் பக்கத்து வீட்டிலிருக்கும் என் அண்ணன் மனைவியைப் பற்றி. மதினிக்கு அதில் 'பீரங்கி' என்று பெயர். துபாயிலிருந்து ஒருவர், "இன்னைக்கு பீரங்கி வெடிக்கலையா?" என்று தினமும் கேட்பார்.

பிறகு எல்லோரும் போன் குரூப்புகளுக்குள் போய்விட்டார்கள். தூத்துக்குடிக்காரி ஒருத்தி மீன்குழம்பு பற்றி எழுதிய பக்கத்தைத் தட்டினால் இப்போது ரம்மி ஆடக் கூப்பிடுகிறது. நானும் எழுதுவதை விட்டேன். மதினி புதுப் போன் வாங்கிய அன்று பயந்துபோய், யாரும் படிக்க முடியாதபடி வலைப்பூவைப் பூட்டினேன்.

போன மாதம் அண்ணாச்சி சொல்லி அனுப்பினார். வலைப்பூ இடம் கொடுத்த கம்பெனி எல்லாவற்றையும் மூடுகிறதாம். ஞாயிற்றுக்கிழமைக்குள் எடுக்காவிட்டால் எழுதியது எல்லாம் போய்விடும். ஓடினேன். பாஸ்வேர்டு மறந்துவிட்டது. மறந்தவர்களுக்கு ஒரு கேள்வி உண்டு: உங்களுக்குப் பிடித்த இடம் எது? ஐந்து முறைதான் பதில் சொல்லலாம்.

"பதிலை வீட்டுக்காரர்ட்டகூட சொல்லிராத" என்று வலைப்பூ திறந்த அன்று எச்சரித்த அதே அண்ணாச்சி, கடை முழுக்கக் கேட்கிற மாதிரி, "என்னம்மா பதிலு?" என்றார்.

"தாமிரபரணி. பைய பேசுங்க அண்ணாச்சி."

"இங்கிலீஷ்லயா? ஹெச் உண்டா?"

எனக்குத் தெரியவில்லை. ஹெச் இல்லாமல் அடித்தார். தவறு. ஹெச் போட்டு அடித்தார். தவறு.

ஜெராக்ஸ் எடுக்க வந்த மேலப்பாளையத்து பாய் எட்டிப் பார்த்தார். "நடுவுல வாரது எந்த பி? பல்புக்கு வார பியா, பென்சிலுக்கு வார பியா?"

"பஸ்ஸுல பல்பு பிதான் போட்டிருக்கு" என்றார் அண்ணாச்சி.

"எங்க கடை பில்லுல பென்சில் பிதான இருக்கு!"

பென்சில் பி போட்டார்கள். அதிலும் ஹெச்சோடு ஒருமுறை, இல்லாமல் ஒருமுறை. நான்கு முறை போய்விட்டது; மிச்சம் ஒன்றுதான். எனக்கு அழுகை முட்டியது. அந்த நேரம் பார்த்து ஆதார் கார்டோடு மதினி உள்ளே வந்தாள்.

"என்னட்டி, மூஞ்சி இப்படி இருக்கு?"

நான் வாயைத் திறக்குமுன் அண்ணாச்சியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

"தாமிரபரணியா?" மதினி சிரித்தாள். "இவ என்னைக்கு அப்படிச் சொல்லிருக்கா? ஆறுன்னுல்லா சொல்லுவா! ஆறுன்னு அடியும் அண்ணாச்சி."

நான் வேண்டாம் என்பதற்குள் அவர் இங்கிலீஷில் நாலு எழுத்தைத் தட்டிவிட்டார். திறந்துகொண்டது. திரை முழுக்க பீரங்கி.

மதினி நின்றபடியே சத்தமாக வாசித்தாள். மீன்காரரிடம் பீரங்கி பேரம் பேசி, கடைசியில் அவரே கூடையைப் போட்டுவிட்டு ஓடிய கதை அது. பாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஏட்டி, நீயா எழுதின? யாரு இந்த பீரங்கி? மேலத்தெரு வாயாடிதான?"

தலையாட்டினேன். வேறு என்ன செய்ய?

"அண்ணாச்சி, முழுசையும் பிரிண்ட் எடும். எனக்கும் ஒண்ணு."

அன்றிலிருந்து மேலத்தெருக்காரியைப் பார்க்கும்போதெல்லாம் மதினி என் இடுப்பில் இடிக்கிறாள். தினமும் இரண்டு பக்கம் படிக்கிறாள். நாற்பதாம் பக்கத்தில் பீரங்கி ஆற்றில் வழுக்கி விழுந்து, என் அண்ணனின் வேட்டியைப் பிடித்து இழுத்த கதை இருக்கிறது. 'என் அண்ணன்' என்றே எழுதித் தொலைத்திருக்கிறேன்.

இன்று முப்பத்தெட்டு முடிந்தது.