மணி அடித்துவிட்டு முந்த வந்தவர்

பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு மிதிவண்டிப் பந்தயத்துக்குத் திரும்பியிருந்தேன். பெரம்பலூரில் தொடங்கி அரியலூரில் முடியும் பந்தயம் அது. முதல் மூன்று இடங்களுள் ஒன்று கிடைக்காவிட்டால் வண்டியை விற்றுவிடுவதென முடிவு செய்திருந்தேன். கிடைக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

தொடக்கக் கோட்டில் என்னருகே நின்றவர் செந்துறைத் தடத்தில் பேருந்து ஓட்டுபவர். நரைத்த மீசை, சன்னலோர வெயில் பட்டு வலக்கை மட்டும் நன்கு கறுத்திருந்தது. எடையைக் குறைக்க நாங்கள் எல்லாரும் வேண்டாதவற்றைக் கழற்றியிருந்தோம். அவருடைய வண்டியில் மட்டும் கனத்த பித்தளை மணி ஒன்று இருந்தது.

“எத்தனை வருஷம் கழிச்சு வரீங்க சார்?” என்று, நான் காலை நீவிவிடுவதைப் பார்த்துக் கேட்டார்.

“பன்னண்டு.”

“அதக் காலுக்குச் சொல்லிட்டீங்களா?”

“இன்னும் இல்லைங்க.”

“சொல்லிடாதீங்க. அது பாட்டுக்கு ஓடட்டும்.”

கடைசிக் கிலோமீட்டரில் எனக்கு முன்னே இருவர் சென்றனர். பின்னால் எவருமில்லை என்றெண்ணி வேகத்தைச் சற்றுத் தளர்த்தினேன். அப்போது மணி இருமுறை ஒலித்தது. திரும்பினால், வலக்கையை நீட்டிச் சைகை காட்டியபடி அவர் முந்த வந்துகொண்டிருந்தார். இருக்கையிலிருந்து எழுந்து மிதித்தேன். அரைச் சக்கர இடைவெளியில் மூன்றாமிடம் எனதாயிற்று.

“சத்தமில்லாம வந்திருந்தா மெடல் உங்களுதுங்க. எதுக்கு மணி அடிச்சீங்க?”

அவர் என்னை வியப்போடு பார்த்தார். “ஹாரன் குடுக்காம எப்படி சார் முந்துறது?”

அதை அவர் வேடிக்கையாகச் சொன்னாரா என்பது இன்றும் எனக்குத் தெளியவில்லை. பதக்கம் என் கால்கள் வென்றதுதான்; வண்டியையும் விற்கவில்லை. ஆனால் அடுத்த பந்தயத்துக்காக, எடையைப் பொருட்படுத்தாமல், அதில் ஒரு மணி பொருத்தியிருக்கிறேன்.