பதினெட்டுக்குக் கீழே அனுமதியில்லை

க்ளெமென்ட் ப்ரூயிட்டோடு இசைக்குழுவில் இருப்பதற்குப் பதில் ஒரு பாறாங்கல்லோடு குடித்தனம் நடத்தியிருக்கலாம். கல்லாவது எதிர்த்துப் பேசாது. வாஷிங்டனில் ஹார்ட்கோர் பங்க் என்கிற காட்டுக்கத்தல் இசை வாசிக்கிறவர்கள் எல்லாருமே பிடிவாதக்காரர்கள்தான். இவன் தனி ரகம். பாட்டு அவன், பேஸ் கிட்டார் நான். இசைத்தட்டை நாங்களே காசு போட்டு வெளியிட்டோம். உறைகளை அவன் அம்மாவின் சமையலறையில் உட்கார்ந்து நாங்களே மடித்து ஒட்டினோம். சாப்பாட்டில்கூடப் பசை நாற்றம் அடிக்கும். பெரிய இசைத்தட்டுக் கம்பெனிக்காரர்கள் யாராவது கூப்பிட்டால், "வேண்டாம், நல்லாத்தான் இருக்கோம்" என்று போனை வைத்துவிடுவான். என்னத்தை நல்லா இருந்தோம்? பகலில் அவன் ஊரார் நாய்களைக் குளிப்பாட்டினான், நான் ஓட்டலில் தட்டு கழுவினேன்.

அவன் அப்பா ரோலண்டுக்குத் தரைவிரிப்பு வியாபாரம். ஒரு கடையை நாலாக்கியவர். "பாடறதுன்னா பெரிசா பாடு, இல்லாட்டி கடைக்கு வா. சின்னதா இருக்கறதுல என்னடா பெருமை?" என்பார். எங்கள் கச்சேரிப் பக்கம் அவர் தலைவைத்துப் படுத்ததில்லை. வரமாட்டாரா என்று க்ளெம் ஒவ்வொரு தடவையும் வாசலைப் பார்ப்பான். கேட்டால் இல்லை என்று சாதிப்பான்.

எண்பத்தாறில் நியூயார்க் கம்பெனிக்காரர் ஒருவர் எங்கள் பாட்டைக் கேட்க வருவதாகச் சொன்னார். பெரிய கிளப்பில் கச்சேரி. கெஞ்சி, திட்டி, அழுது க்ளெமைச் சம்மதிக்க வைத்தேன். எந்த வயசுக்காரரையும் உள்ளே விடவேண்டும் என்றான். கிளப் முதலாளி தலையாட்டினார். நியூயார்க் என்றதும் ரோலண்டும் கோட்டு மாட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

போய்ப் பார்த்தால் வாசலில் பலகை: பதினெட்டுக்குக் கீழே அனுமதியில்லை. உள்ளே மது விற்கிறார்களாம். எங்கள் ரசிகர்களில் பாதிப்பேர் பள்ளிக்கூடப் பிள்ளைகள். எல்லாரும் நடைபாதையில் நின்றார்கள்.

"டேய், இந்த ஒரு நாள் மட்டும்டா!" என்று க்ளெமின் கையைப் பிடித்தேன்.

"பசங்க வெளிய நிக்கறப்ப நான் யாருக்குடி பாடறது? பார்ல இருக்கற பாட்டிலுக்கா?"

பின்பக்கம் கார் நிறுத்துமிடத்துக்கு நடந்தான். பிள்ளைகள் பின்னாலேயே போனார்கள், நானும் ரோலண்டும்கூட. முதலாளி மின்சாரம் தரமாட்டேன் என்றுவிட்டார். மைக் இல்லை, மின்சாரமில்லாத என் கிட்டார் கொசு மாதிரி முனகியது. நியூயார்க் கம்பெனிக்காரர் டாக்ஸி பிடித்துப் போனார். பிள்ளைகள் கைதட்டித் தாளம் போட்டு, க்ளெமோடு சேர்ந்து பாடினார்கள்:

"வாரம் பூரா வித்தே, ஞாயித்துக்கிழமை அசந்து தூங்கினே, என்னை எப்பப் பார்ப்பே?"

ரோலண்ட் என் பக்கம் திரும்பினார். "இது என்னைப் பத்தியா?"

"வேற யாரைப் பத்தி, மிஸ்டர் ப்ரூயிட்? வருஷக்கணக்கா பாடறான்!" எரிந்து விழுந்தேன்.

பாட்டு முடிந்ததும் மகனிடம் போனார். "இது உங்க இசைத்தட்டுல இருக்கா?"

"முதல் பாட்டே இதுதான். கடைக்குக் கொண்டுவந்து குடுத்தேனே."

"கேட்டேன்டா. ஒரே இரைச்சல். ஒரு வார்த்தை புரியல."

"இன்னொரு தடவ கேட்டிருந்தா புரிஞ்சிருக்கும்ப்பா."

ரோலண்ட் நல்ல கோட்டோடு அப்படியே தரையில், பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்தார்.

"சரி, பாடு" என்றார்.