கொல்லைக் கதவு வழியாக ஜன்னத் பீவி

ஜன்னத் பீவிக்குத் தனியாகச் சாப்பிட்டால் சோறு இறங்காது. கணவர் இறந்து, ஒரே மகன் ஜாஹித் ஷார்ஜாவுக்குப் போன பிறகும் அவர் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டதைத் தெருவில் யாரும் பார்த்ததில்லை. ஆனால் அவர் வீட்டுச் சுவரில் இருந்த வெள்ளைப் பெட்டிகள் வேறு மாதிரி சொல்லின.

கும்பகோணத்துக்கு அருகே ஆற்றங்கரையில் உள்ள அந்த ஊரில் பாதி ஆண்கள் வளைகுடாவில் வேலை பார்த்தார்கள். தனித்திருக்கும் பெரியவர்களை வீடே கவனித்துக்கொள்ள முடியுமா என்று ஒரு பொறியியல் கல்லூரியில் ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். ஜாஹித் தன் தாயின் வீட்டைக் கொடுக்க முன்வந்தான். ஆராய்ச்சி மாணவி மோகனப்பிரியா வந்து கூடம், அடுப்படி, படுக்கையறை, தெருக்கதவு எல்லாவற்றிலும் வெள்ளைப் பெட்டிகளாகச் சென்சார் பொருத்தினாள். கேமரா இல்லை, அசைவும் கதவு திறந்து மூடுவதும் மட்டும்தான் பதிவாகும் என்று விளக்கினாள். வீடு முதலில் அவருடைய வழக்கத்தைக் கற்றுக்கொண்டு, பிறகு மகனுக்குச் செய்தி அனுப்பும்.

"என் வழக்கத்தை என்கிட்டயே கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே," என்றார் ஜன்னத் பீவி.

ஆனாலும் சம்மதித்தார். ஷார்ஜாவுக்கே வந்துவிடுங்கள் என்று நச்சரித்துக்கொண்டிருந்த மகன், வீடு நல்லபடியாகச் சொன்னால் ஊரிலேயே இருக்கலாம் என்று வாக்குக் கொடுத்திருந்தான்.

முதல் அறிக்கை போன அன்றே அழைத்தான்.

"அம்மா, நீங்க வெளியவே போறதில்லையாமே. அடுப்படிப் பக்கமும் போறதில்ல. பகல் பூரா அசைவே இல்லன்னு வருது."

"யாரு சொன்னா?"

"வீடு சொல்லுது."

"அதுக்கு என்ன தெரியும்?"

அவன் சிரிக்கவில்லை. பெருநாளைக்கு வந்து கையோடு கூட்டிப்போவதாகவும் டிக்கெட் எடுத்துவிட்டதாகவும் சொன்னான்.

ஜன்னத் பீவி மோகனப்பிரியாவை வரவழைத்தார். அவள் எல்லாவற்றையும் சோதித்தாள். எதிலும் பழுதில்லை. "வாம்மா," என்று அவர் அவளைப் பின்பக்கம் கூட்டிப்போனார்.

அந்தத் தெருவின் கொல்லைகள் ஒன்றையொன்று ஒட்டியவை. இடைமதில்களில் குட்டைக் கதவுகள் உண்டு. பெண்கள் அந்த வழியாகவே போய்வருவார்கள். தெருவாசலைத் தேவையில்லாமல் திறப்பதில்லை. ஜன்னத் பீவி காலையில் கொல்லைக் கதவைத் தாண்டினால் பக்கத்து வீட்டு ஷமீராவின் அடுப்பில் ஆணம் வைப்பார். மீன் குழம்போ கறிக் குழம்போ, சாப்பாடு அங்கேதான். அதற்கப்புறம் எந்த வீட்டில் கைக்குழந்தை இருக்கிறதோ அங்கே போவார். தெருவில் தவழ்கிற பிள்ளைகள் எல்லாம் அவர் நீட்டிய காலில் கிடந்து குளித்தவைதான். ஜாஹித்துக்கும் இது தெரியும். மீசை முளைத்த பிறகு அந்த வழியில் போகாததால் அறிக்கையைப் படித்தபோது அவனுக்கு நினைவு வரவில்லை.

"இந்தக் கதவுலயும் ஒண்ணு மாட்டிட்டா சரியாயிடும்மா," என்றாள் மோகனப்பிரியா.

"மாட்டுங்க," என்றாள் ஷமீரா. "நான் எத்தனை தடவை சீனி வாங்க வந்தேன்னு துபாய்ல எங்க வீட்டுக்காரருக்கும் தெரியட்டும்."

ஜன்னத் பீவியும் சிரித்தார். ஆனால் அந்தக் கதவு வழியாகத் தெருவே அவர் வீட்டுக்கு வரும். மாமியாருக்குத் தெரியாமல் தாய்வீட்டுக்குப் போன் பேச ஒருத்தி வருவாள். சும்மா அழுதுவிட்டுப் போகவும் ஒருத்தி வருவாள்.

"என் வீட்டைப் பாக்க நான் சரின்னேன். இவங்க யாரும் சரின்னு சொல்லலையே," என்றார்.

மோகனப்பிரியா கையில் எடுத்த பெட்டியைத் திரும்பப் பைக்குள் வைத்தாள்.

மறுநாள் ஷமீராவின் போனில் மகனை வீடியோவில் அழைத்தார். காலில் ஒரு குழந்தை எண்ணெய் மினுமினுக்கக் கிடந்தது.

"பாத்துக்க. அசையாம கிடக்கிறவ செய்யுற வேலையா இது?"

"சரிம்மா. ஆனா நாளைக்கு நீங்க நல்லா இருக்கீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அந்தக் குரலில் கோபமில்லை. அவர் குழந்தையின் தலையில் தண்ணீரை ஊற்றி முடித்துவிட்டுச் சொன்னார்:

"தினம் காலையில தெருக்கதவை ஒருதரம் திறந்து மூடுறேன். அது உனக்கு. மத்த கதவைப் பத்திக் கேக்காதே."

"நான் வேலைக்குக் கிளம்புற நேரத்துக்குத் திறப்பீங்களா?"

"திறக்கிறேன். பெருநாளைக்கு நீ வா. போறப்ப எனக்கு எடுத்த டிக்கெட்டை மட்டும் கேன்சல் பண்ணிடு."

இப்போது தினமும் கதவைத் திறக்கிறார். ஆனால் சொன்னபடி உடனே மூடுவதில்லை. தெருவில் போகிற மீன்காரியிடம் பேச்சுக் கொடுத்துவிடுகிறார். கொல்லையிலிருந்து ஷமீரா, "மாமி, ஆணம் அடிபிடிக்குது," என்று கத்துகிறாள். ஷார்ஜாவில் கம்பெனி வேனில் உட்கார்ந்திருக்கும் ஜாஹித், கதவு எப்போது மூடும் என்று போனைப் பார்த்துக்கொண்டே போகிறான்.